தேய்மானக் கணக்கு: கழுத்துக்குள் விற்கப்படும் அசைவு

பி.காம். முதல் வருடத்திலேயே வந்துவிடும் பாடம் தேய்மானம். வாங்கின மெஷின் ஓட ஆரம்பித்த நாளிலிருந்தே தேய ஆரம்பிக்கிறது. வருடா வருடம் அதன் மதிப்பில் ஒரு பகுதியைக் கழித்து எழுத வேண்டும். இதைப் பார்த்து எந்த முதலாளியும் அலறுவதில்லை. ஓடுகிற மெஷின் என்றால் தேயத்தான் செய்யும். தேய்ந்துகொண்டே பல வருடம் வேலையும் செய்யும்.

ஆனால் இதே வார்த்தை ஸ்கேன் ரிப்போர்ட்டில் வந்தால் கதையே வேறு. "கழுத்து டிஸ்க்கில் தேய்மானம்" என்ற ஒரு வரியைப் படித்ததும் மனிதருக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. மீதி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போனால் மேஜை மேல் இரண்டு படங்கள். ஒன்று பழைய முறை: எலும்போடு எலும்பை ஒட்டவைக்கும் பியூஷன். இன்னொன்று புதுசு: செயற்கை டிஸ்க். முதல் படத்தில் பிளேட்டும் ஸ்க்ரூவும். இரண்டாவது படத்தில் பளபளவென்று ஒரு குட்டி இயந்திரம், கீழே "அசைவைக் காக்கிறது" என்று எழுத்து. எதை வேண்டும் என்று சொல்லுங்கள் என்கிறார்கள். முப்பத்தெட்டு வயதில் கழுத்து இறுகிப் போவதை யார் கேட்டு வாங்குவார்?

வீட்டுக்கு வந்தவரிடம் "காப்பியா டீயா?" என்று கேட்பது போன்ற கேள்வி இது. குடிக்கப் போகிறார் என்பது கேட்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது. டிஸ்க்கா பியூஷனா என்ற சண்டையும் இப்படித்தான் நடக்கிறது. இது கடைக்காரர் கேட்கும் கேள்வி. கழுத்தின் சொந்தக்காரர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அந்தக் கேள்விகளை மறைக்கும் அளவுக்குச் செயற்கை டிஸ்க்கின் விளம்பரம் சத்தமாக இருக்கிறது என்பதுதான் இங்கே வாதம்.

முதலில் கொஞ்சம் உடற்கூறு

கழுத்தில் ஏழு எலும்புகள். இரண்டாவது எலும்புக்குக் கீழே, எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு டிஸ்க். வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே ஜெல்லி மாதிரி ஒரு பொருள். வயதாக ஆக உள்ளிருக்கும் நீர் வற்றுகிறது, உயரம் குறைகிறது. சில சமயம் உள்ளிருப்பது பிதுங்கிக் கைக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது. தோளிலிருந்து விரல் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி வலி, மரத்துப் போதல், பலவீனம் எல்லாம் அதனால்தான். பிதுங்கியது தண்டுவடத்தையே அழுத்தினால் விஷயம் இன்னும் பெரிது.

இரண்டு ஆபரேஷனிலும் முக்கால்வாசி ஒன்றேதான். கழுத்தின் முன்பக்கம் ஒரு சின்னக் கீறல். மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் ஒதுக்கிவிட்டு, கெட்டுப்போன டிஸ்க்கை எடுத்து, நரம்பின் மேலிருக்கும் அழுத்தத்தை நீக்குகிறார்கள். கைவலி போவதற்குக் காரணம் இந்த வேலைதான். அதற்குப் பிறகு காலியான இடத்தில் எதை வைப்பது என்பதில் மட்டும்தான் வித்தியாசம். எலும்புத் துண்டோ கேஜோ வைத்தால் மேலெலும்பும் கீழெலும்பும் ஒட்டி ஒன்றாகிவிடும், அது பியூஷன். அசையும் கருவியை வைத்தால் செயற்கை டிஸ்க்.

விற்பனைப் பேச்சில் இந்தச் சின்ன விஷயம் காணாமல் போய்விடுகிறது. "செயற்கை டிஸ்க் வைத்தார்கள், கைவலி போச்சு" என்று ஒருவர் சொன்னால், வலியைப் போக்கியது வைத்த பொருள் அல்ல, எடுத்த பொருள்.

இன்னொன்றும் உண்டு. தலையை இடமும் வலமும் திருப்புவதில் ஏறத்தாழ பாதி, முதலாம் இரண்டாம் கழுத்து எலும்புகளுக்கு நடுவே நடக்கிறது. அங்கே டிஸ்க்கே கிடையாது. கெட்டுப்போவது பெரும்பாலும் ஐந்தாறு, ஆறேழு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் கீழ் டிஸ்க்குகள். அங்கே ஒரே ஒரு மட்டத்தை ஒட்டவைத்தால் கழுத்து சிலை மாதிரி ஆகிவிடாது. அன்றாட வாழ்க்கையில் பலருக்கு வித்தியாசமே தெரிவதில்லை. "இறுகிப் போய்விடும்" என்ற பயம், ஒரு மட்டப் பியூஷனைப் பொறுத்தவரை, ஊதிப் பெரிதாக்கப்பட்ட பயம்.

பழசு எவ்வளவு பழசு, புதுசு எவ்வளவு புதுசு

முன்பக்கமாகப் போய் ஒட்டவைக்கும் முறையை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ராபின்சனும் ஸ்மித்தும் 1955இல் எழுதினார்கள். 1958இல் ஹவாயில் கிளோவர்டு தன் முறையை வெளியிட்டார். அதாவது ஏறத்தாழ எழுபது வருட அனுபவம். எங்கே கெட்டுப்போகும், எப்படிக் கெட்டுப்போகும் என்பது தெரிந்த முறை.

செயற்கை டிஸ்க் நேற்றுப் பிறந்த யோசனை என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் தப்பு. 1960களிலேயே ஸ்வீடனில் ஃபெர்ன்ஸ்ட்ரோமும், தென்னாப்பிரிக்காவில் ரெய்ட்ஸும் ஜூபேரும் எவர்சில்வர் குண்டுகளை எலும்புகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தார்கள். மெத்தென்ற எலும்பில் கெட்டி இரும்புக் குண்டு வைத்தால் என்ன ஆகும்? உள்ளே அமிழ்ந்து போனது. முறை கைவிடப்பட்டது. பிறகு இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கம்மின்ஸ் ஒரு உலோக டிஸ்க்கை உருவாக்கி, 1998இல் 20 பேரின் அனுபவத்தை வெளியிட்டார். அதன் வழிவந்ததுதான் மெட்ரானிக் கம்பெனியின் பிரெஸ்டீஜ். 2007 ஜூலையில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அதற்கு அனுமதி கொடுத்தது; அந்த நாட்டில் அனுமதி பெற்ற முதல் கழுத்து டிஸ்க் அது. அதே வருடம் டிசம்பரில் புரோடிஸ்க்-சி, 2009இல் பிரயன். 2013இல் மோபி-சி, இரண்டு மட்டங்களுக்கும் அனுமதி பெற்ற முதல் டிஸ்க்.

பக்கத்து வீட்டுப் பயம்

செயற்கை டிஸ்க்கின் மொத்த வியாபாரமும் ஒரே வாதத்தின் மேல் நிற்கிறது. ஒரு மட்டத்தை ஒட்டவைத்தால் அது செய்த வேலையும் மேலும் கீழும் இருக்கும் டிஸ்க்குகளின் தலையில் விழும், அவை சீக்கிரம் கெட்டுப்போகும், மறுபடி ஆபரேஷன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதற்கு எல்லோரும் காட்டும் ஆதாரம் 1999இல் ஹிலிபிராண்டு குழு வெளியிட்ட ஆய்வு. 374 நோயாளிகள். வருடத்துக்குச் சராசரியாக 2.9 சதவீதம் பேருக்குப் பக்கத்து மட்டத்தில் புதிதாக நோய் வந்தது. பத்து வருடத்தில் நாலில் ஒருவருக்கு என்று கணித்தார்கள்.

இந்த 2.9 எல்லாப் பிரசங்கத்திலும் வரும். அதே ஆய்வில் இருக்கும் இன்னொரு முடிவு மட்டும் வராது. பல மட்டங்களை ஒட்டவைத்தவர்களுக்கு, ஒரே மட்டம் ஒட்டவைத்தவர்களை விடப் பக்கத்து நோய் குறைவாக வந்தது! கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒட்டவைப்பதுதான் பக்கத்து டிஸ்க்கைக் கெடுக்கிறது என்றால், அதிகம் ஒட்டவைத்தவர்களுக்கு அதிகம் கெட வேண்டும். நடந்தது தலைகீழ். எளிய விளக்கம் ஒன்று உண்டு: பல மட்டங்களை ஒட்டும்போது, எப்படியும் கெடப்போகிற ஐந்தாறு, ஆறேழு மட்டங்கள் ஏற்கெனவே கணக்கில் அடங்கிவிட்டன, வெளியே மிச்சமிருப்பவை பலமானவை. அதாவது பக்கத்து டிஸ்க் கெடுவதில் ஒரு பெரிய பங்கு, எதை வைத்தாலும் வைக்காவிட்டாலும் நடக்கும் இயற்கைத் தேய்மானம். பியூஷன் மேல் பழியே இல்லை என்பதல்ல. எவ்வளவு பழி என்பது அந்த 2.9இல் இல்லை.

கணக்கு எழுதினவரே ஆடிட்டர்

சரி, ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றனவே? இருக்கின்றன. அதில் பெரியவை எஃப்.டி.ஏ. அனுமதிக்காக நடந்தவை. பிரெஸ்டீஜ் ஆய்வில் 541 பேர், பிரயனில் 463 பேர், புரோடிஸ்க்-சியில் 209 பேர். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு டிஸ்க், பாதிப் பேருக்குப் பியூஷன். வடிவம் நல்ல வடிவம்தான். ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, இவை அடிப்படையில் "மோசமில்லை" என்று காட்டுவதற்காக அமைக்கப்பட்டவை. புது சரக்கு பழைய சரக்கை விட ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் மோசமில்லை என்று நிரூபித்தால் போதும், கடையில் வைக்கலாம். அனுமதி கிடைத்தது என்பதற்கு அர்த்தம் அது ஜெயித்தது என்பதல்ல. வாசலைத் தாண்டியது, அவ்வளவுதான்.

இரண்டு, யாருக்கு எது வைத்தார்கள் என்பது ஆபரேஷனுக்குப் பிறகு நோயாளிக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். புது டிஸ்க் வேண்டும் என்ற ஆசையில் ஆய்வில் சேர்ந்தவருக்குக் குலுக்கலில் பழைய பியூஷன் விழுந்தால் மனசு என்ன பாடுபடும்? அவரிடம் போய் "வலி எத்தனை மார்க்?" என்று கேட்டால் எத்தனை போடுவார்?

மூன்று, பணம் கம்பெனியுடையது. இதில் என்ன தப்பு, புது சரக்கை யார்தான் சோதிப்பார்கள் என்று கேட்கலாம். நியாயம். ஆனால் ஆடிட்டிங் பாடத்தில் முதல் விதியே, கணக்கு எழுதினவர் அந்தக் கணக்கைத் தணிக்கை செய்யக் கூடாது என்பதுதான். 2008 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி போட்டது. இடுப்புப் பகுதிக்கான புரோடிஸ்க் ஆய்வு நடந்த 17 மையங்களில் ஏறத்தாழ பாதி மையங்களின் டாக்டர்களுக்கு, அந்த டிஸ்க் வெற்றி பெற்றால் பணம் வரும் நிலை இருந்தது என்று. அது கழுத்து டிஸ்க் அல்ல. ஆனால் அதே பெயர், அதே குடும்பம், அதே துறை.

பியூஷன் பக்கம் மட்டும் சுத்தமா? இல்லவே இல்லை. எலும்பு சீக்கிரம் ஒட்டுவதற்காக மெட்ரானிக் விற்ற இன்ஃபியூஸ் என்ற புரதத்தின் கதை இதைவிட மோசம். கம்பெனி பணத்தில் நடந்த 13 ஆய்வுகள் பக்கவிளைவே இல்லை என்று எழுதின. 2011இல் ஸ்பைன் ஜர்னல் இதழில் கராஜி குழு மறு ஆய்வு செய்து, உண்மையில் 10 முதல் 50 சதவீதம் வரை இருந்தது என்று காட்டியது. கழுத்தில் அதை உபயோகித்தவர்களுக்கு மூச்சுக்கே ஆபத்தான வீக்கம் வந்ததால் 2008இலேயே எஃப்.டி.ஏ. எச்சரித்திருந்தது. 1996 முதல் 2010 வரை அந்த ஆய்வுகளை எழுதிய டாக்டர்களுக்குக் கம்பெனி சுமார் 21 கோடி டாலர் கொடுத்தது என்று அமெரிக்க செனட் கமிட்டி 2012இல் அறிக்கை விட்டது. ஆக, டிஸ்க் கெட்டது, பியூஷன் நல்லது என்று இதைப் படிக்கக் கூடாது. இரண்டு சரக்கையும் விற்பது பல இடங்களில் ஒரே கடை.

எதிர்க்கட்சி வாதமும் கேட்க வேண்டும்

டிஸ்க் ஆதரவாளர்களின் பலமான சீட்டு ஏழு வருடக் கணக்கு. அதை மறைப்பது நேர்மையில்லை. பிரெஸ்டீஜ் ஆய்வில் ஏழு வருடத்தில், ஆபரேஷன் செய்த இடத்திலேயே மறு ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் டிஸ்க் பக்கம் 4.8 சதவீதம், பியூஷன் பக்கம் 13.7 சதவீதம். பக்கத்து மட்டத்தில் ஆபரேஷன், 4.6க்கு எதிராக 11.9. புரோடிஸ்க்-சி ஆய்வில் ஏழு வருடத்தில் மறு ஆபரேஷன் 7க்கு எதிராக 18 சதவீதம். இவை சின்ன வித்தியாசங்கள் அல்ல.

ஆனால் மறு ஆபரேஷன் என்பது ரத்த சர்க்கரை மாதிரி மீட்டரில் வரும் நம்பர் இல்லை. அது ஒரு முடிவு. நோயாளியும் டாக்டரும் சேர்ந்து எடுப்பது. இருவருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். பியூஷன் செய்தவர் கழுத்து வலி என்று வந்து, எக்ஸ்ரேயில் எலும்பு சரியாக ஒட்டவில்லை என்று தெரிந்தால், "மறுபடி செய்துவிடலாம்" என்பது எளிதில் வரும் முடிவு. டிஸ்க் வைத்தவர் அதே வலியோடு வந்தால் "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்". பக்கத்து மட்டத்துக்கு ஆபரேஷன் செய்யும்போது பழைய பிளேட்டையும் கழற்ற வேண்டி வந்தால், அது பழைய இடத்துக் கணக்கிலும் ஏறலாம். டிஸ்க்குக்கு அந்தத் தொல்லை இல்லை. பிரெஸ்டீஜின் ஏழாம் வருடத்தில் 541 பேரில் 395 பேரின் விவரம்தான் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மீதிப் பேர் நன்றாக இருக்கிறார்களா, வெறுத்துப்போய் வேறு டாக்டரிடம் போனார்களா என்று யார் சொல்வது?

சட்டையைக் கழற்றிப் பார்த்தபோது

அப்படியானால் கம்பெனியின் அனுமதி அவசரம் இல்லாமல், யாருக்கு என்ன வைத்தார்கள் என்று நோயாளிக்கே தெரியாமல் சோதித்தால் என்ன ஆகும்? அதையும் செய்துவிட்டார்கள்.

நெதர்லாந்தில் நடந்த நெக் என்ற ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. 109 பேர், மூன்று பிரிவு. ஒரு பிரிவுக்குச் செயற்கை டிஸ்க். ஒரு பிரிவுக்குக் கேஜ் வைத்துப் பியூஷன். மூன்றாவது பிரிவுக்கு டிஸ்க்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதுவுமே வைக்கவில்லை! யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மார்க் போட்டவருக்கும் தெரியாது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், வலியிலும் அன்றாட வேலைகளிலும் மூன்று பிரிவுக்கும் நடுவே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இன்னொரு தரம் படிக்கலாம். விலை உயர்ந்த டிஸ்க், நடுத்தர விலைக் கேஜ், ஒரு பைசா செலவில்லாத வெற்றிடம். மூன்றும் இரண்டு வருடத்தில் ஒரே இடத்தில் வந்து நின்றன. வேலை செய்தது எடுத்த பொருள்தான் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான்.

ஸ்வீடனில் 2015லும், நார்வேயில் 136 பேரை வைத்து 2017லும் வெளியான ஆய்வுகளும் இதையே சொல்லின. இரண்டு வருடத்தில் செயற்கை டிஸ்க்குக்கும் பியூஷனுக்கும் நோயாளியின் நிலையில் வித்தியாசம் இல்லை. "இரண்டு வருடம் போதாது, பக்கத்து நோய் பத்து வருடத்தில்தான் தெரியும்" என்பது பதில். ஒத்துக்கொள்ளலாம். ஆனால் அதே ஆட்கள் பிரோஷரில் இரண்டு வருட முடிவைப் பெரிய எழுத்தில் போடுவது ஏன்?

அசைவு எத்தனை நாள் அசைவு

செயற்கை டிஸ்க் விற்பது ஒரே பொருள்: அசைவு. அந்தப் பொருளாவது கியாரண்டியா? உடம்பு ஒரு விசித்திரமான முதலாளி. அசையக் கூடாத இடத்தில் வைத்தது அசைகிறது, அசைய வேண்டிய இடத்தில் எலும்பை வளர்த்துவிடுகிறது. 2006இல் மேரன் குழு 54 நோயாளிகளுக்கு வைத்த 77 புரோடிஸ்க்-சிகளை ஒரு வருடம் கழித்துப் பார்த்தது. மூன்றில் இரண்டு பங்கு டிஸ்க்குகளைச் சுற்றி ஏதோ ஓர் அளவுக்கு எலும்பு வளர்ந்திருந்தது. 9.1 சதவீதம் தானாகவே முழுதாக ஒட்டிப் போயிருந்தன. அதாவது டிஸ்க் விலை கொடுத்து வாங்கினார்கள், வீட்டுக்கு வந்தது பியூஷன். எலும்பு வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் வலி வருவதில்லை, அசைவும் எல்லோருக்கும் குறைவதில்லை என்பது உண்மை. ஆனால் அசைவு போயும் நோயாளி சௌக்கியமாக இருக்கிறார் என்றால், அசைவுக்காகக் கூடுதல் பணம் எதற்கு என்ற கேள்வி தானாக வருகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அசையும் எந்தப் பொருளும் தேயும். தேய்ந்த துகள் எலும்பை அரிக்கலாம். எம்6-சி என்ற டிஸ்க் 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இயற்கை டிஸ்க்கையே போல நடு மையமும் நார் வளையமும் வைத்துச் செய்தது என்று பெரிதாகப் பேசப்பட்டது. அதைச் சுற்றி எலும்பு கரைந்ததாக மருத்துவ இதழ்களில் கேஸ்கள் வந்தன. 2025இல் ஆர்த்தோஃபிக்ஸ் கம்பெனி அதைத் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. கம்பெனிக்கு ஒரு சரக்கை நிறுத்துவது ஒரு பத்திரிகை அறிக்கை. ஏற்கெனவே கழுத்தில் வைத்துக்கொண்டவருக்கு?

இந்தப் பாடம் இந்தியாவுக்குப் புதிதல்ல. ஜான்சன் அண்டு ஜான்சனின் டெப்யூ கம்பெனி விற்ற ஏ.எஸ்.ஆர். உலோக இடுப்பு மூட்டை 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். உலகம் முழுக்க ஏறத்தாழ 93,000 பேருக்கு வைத்திருந்தார்கள். அதுவும் "இளைஞர்களுக்கான, சுறுசுறுப்பானவர்களுக்கான" புதுமை என்றுதான் வந்தது. இந்திய நோயாளிகள் நஷ்ட ஈட்டுக்கு அலைந்தது வருடக்கணக்கில்.

கேட்காத மூன்றாவது கேள்வி

டிஸ்க்கா பியூஷனா சண்டையில் முதலில் அடிபட்டு விழுவது "ஆபரேஷன் வேண்டுமா?" என்ற கேள்வி.

அமெரிக்காவின் மினசோட்டாவில் ராசெஸ்டர் என்ற ஊரில் 1976 முதல் 1990 வரை கழுத்து நரம்பு வலி வந்த 561 பேரைப் பின்தொடர்ந்தார்கள். ஆபரேஷன் வரை போனவர்கள் 26 சதவீதம். கடைசியாகப் பார்த்தபோது, ஆபரேஷன் செய்தவர்களையும் சேர்த்து, 90 சதவீதம் பேர் வலியில்லாமலோ சின்னத் தொந்தரவோடோ இருந்தார்கள். 1997இல் ஸ்வீடனில் பெர்சன் குழு, நீண்ட நாள் கைவலியோடு இருந்த 81 பேரைப் பிரித்து ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், ஒரு பிரிவுக்குப் பிசியோதெரபி, ஒரு பிரிவுக்குக் கழுத்துப் பட்டை என்று கொடுத்துப் பார்த்தது. மூன்று நான்கு மாதத்தில் ஆபரேஷன் முன்னே நின்றது. அதற்கு ஒரு வருடம் கழித்து வித்தியாசம் மறைந்துபோனது. ஆபரேஷன் வாங்கித் தருவது பலருக்கு வேகம். வேகத்துக்கும் மதிப்பு உண்டு, வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடப்பவருக்கு அது பெரிய மதிப்பு. ஆனால் "ஆபரேஷன் இல்லாவிட்டால் அவ்வளவுதான்" என்பது வேறு பேச்சு.

ஸ்கேனையும் இதே தராசில் வைக்க வேண்டும். 2015இல் ஜப்பானில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. வலியே இல்லாத பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேர்! இவர்கள் எல்லோரும் பயந்து டாக்டரிடம் ஓடியிருந்தால் எத்தனை பிரோஷர் தீர்ந்திருக்கும் :-)

ஒரு எச்சரிக்கை. "பொறுத்திரு" என்பது எல்லோருக்கும் பொருந்தாது. சட்டைப் பட்டன் போட விரல் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது, கையின் பலம் நாளுக்கு நாள் குறைவது ஆகியவை தண்டுவடமோ நரம்போ நசுங்குவதன் அறிகுறிகள். அங்கே காத்திருப்பதுதான் தப்பு. உடனே நிபுணரைப் பார்க்க வேண்டும்.

யாருக்கு நியாயம்

செயற்கை டிஸ்க் யாருக்குமே வேண்டாம் என்பது இங்கே வாதமல்ல. வயது குறைவு, ஒரே ஒரு மட்டம், மெத்தென்ற பிதுக்கம், எலும்பு உறுதி, பின்பக்கச் சிறு மூட்டுகள் நல்ல நிலை, வாரக்கணக்கில் மருந்தும் பிசியோவும் பார்த்தும் கைவலி தீரவில்லை. இப்படிப்பட்டவருக்கு டிஸ்க் நியாயமான தேர்வுதான். ஏழு வருடக் கணக்கு அவருக்குச் சாதகமாகவே இருக்கிறது.

ஆனால் விளம்பரம் அவரை மட்டுமா கூப்பிடுகிறது? எலும்பு மெலிந்தவர், சிறு மூட்டுகள் தேய்ந்தவர், கழுத்து வளைவு தலைகீழானவர், எலும்பு நழுவி ஆடுபவர், தண்டுவடத்துக்கு முன்னால் இருக்கும் தசைநார் எலும்பாகிப் போனவர் என்று டிஸ்க் ஆகாதவர்களின் பட்டியல் நீளம். 2008இல் வெளியான ஓர் ஆய்வு, கழுத்து ஆபரேஷன் செய்துகொண்ட 167 பேரின் கேஸ்களை எடுத்து விதிமுறையோடு ஒப்பிட்டது. டிஸ்க்குக்குத் தகுதியானவர்கள் 43 சதவீதம்தான். தேய்மானம் அதிகமான, வயதான, உண்மையிலேயே கஷ்டப்படும் கழுத்துக்கு, பெரும்பாலும் பழைய பியூஷன்தான் கை கொடுக்கிறது. புதுமையின் வெற்றிக் கணக்கு நல்ல கழுத்துகளைப் பொறுக்கி எடுத்துப் போட்ட கணக்கு.

பில் யார் பேரில்

இந்தியாவில் இதய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் அரசு உச்சவரம்பு போட்டது. மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய். அதே வருடம் ஆகஸ்டில் முழங்கால் மூட்டுக்கும் போட்டது. அந்த இரண்டு உத்தரவுகளிலும் கழுத்து டிஸ்க் கிடையாது. விலையைத் தீர்மானிப்பது விற்பவர். வாங்குவதைத் தீர்மானிப்பதும் நடைமுறையில் விற்பவர் பக்கம் உட்கார்ந்திருப்பவர். பணம் கொடுப்பவர் மட்டும் ஒன்றும் தெரியாதவர். பொருளாதாரப் பாடத்தில் தகவல் சமமின்மை என்று இரண்டு மார்க் கேள்விக்கு எழுதுவார்களே, அது இதுதான். பழைய காரில் ஏமாந்தால் காரை விற்றுவிடலாம். கழுத்தை?

ஆகவே பிரோஷரை நீட்டும்போது திருப்பிக் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்:

1. இன்னும் ஆறு வாரமோ மூன்று மாதமோ பொறுத்தால் எனக்கு என்ன ஆபத்து என்று நோயாளி கேட்டால், டாக்டரின் பதில் என்ன?
2. கைவலி, ஸ்கேன் படம், பரிசோதனை மூன்றும் ஒரே நரம்பைத்தான் காட்டுகின்றனவா?
3. டிஸ்க்குக்குத் தகுதி இல்லை என்று சொல்லும் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்தாயிற்றா?
4. இந்தக் குறிப்பிட்ட டிஸ்க் பத்து வருடம் தாங்கியதற்குக் கணக்கு உண்டா? அந்தக் கணக்கை எழுதியது யார்?
5. பழுதானால் எடுக்க முடியுமா? எடுத்தால் அடுத்து என்ன வைப்பார்கள்?

ஐந்தாவது கேள்விக்குப் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: பியூஷன். அசைவைக் காப்பாற்றக் கிளம்பியவர்களின் கடைசிப் புகலிடமும் அந்த எழுபது வருடப் பழைய முறைதான். இது பியூஷனின் பெருமையைப் பாடுவதற்கு அல்ல. முடிவு தெரிந்த ஒரு பொருளையும் முடிவு தெரியாத ஒரு பொருளையும் "பழசு, புதுசு" என்ற இரண்டே வார்த்தையில் விற்கிறார்களே, அதைச் சொல்வதற்குத்தான்.

தேய்மானம் என்ற வார்த்தையைக் கண்டு பயப்படாத முதலாளி, மெஷினை மாற்றும் முன் மூன்று கொட்டேஷன் வாங்குவார். பழையதை ரிப்பேர் செய்து ஓட்ட முடியுமா என்றும் பார்ப்பார். லேத் மெஷினுக்குக் காட்டும் அந்தச் சந்தேகத்தைச் சொந்தக் கழுத்துக்கும் காட்டினால் போதும்.

பி.கு: இது மருத்துவ ஆலோசனை அல்ல. கழுத்து வலி இருப்பவர்கள் பார்க்க வேண்டியது டாக்டரை. ஒருவரை அல்ல, இரண்டு பேரை.